கருணைக் கொலை: கிடைத்த உரிமையே இன்னும் வேலூர் வந்து சேரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் தாமே விரும்பிக் கேட்டால், உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் அவருக்கு உதவலாமா என்ற விவாதம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நடந்து வருவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பிரிட்டனின் கீழவை 2025 ஜூன் 20 அன்று இதற்கான மசோதாவை 314-க்கு 291 என்ற வாக்குகளில் நிறைவேற்றியதைச் சுட்டிக்காட்டி, நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று எழுதியிருப்பவர்களின் இரக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நெடுங்காலமாக வழக்குரைஞராகவும் நோட்டரியாகவும் இருந்து வருகிற என் அனுபவத்தில், உச்ச நீதிமன்றம் நமக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட உரிமையே இந்த மாவட்டத்து நோயாளியின் கட்டில்வரை வந்து சேராமல் பாதி வழியில் நிற்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்க்காமல், அதைவிடப் பெரிய, திரும்பப் பெற முடியாத ஓர் அதிகாரத்தை மருத்துவர் கையிலும் உறவினர் கையிலும் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன்.

படித்தவர்களே குழம்பிக் கிடப்பதால், சட்டம் இன்று சொல்வதை முதலில் எழுதிவிடுகிறேன். நோயாளி கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஒரு மருத்துவர் உயிர் போக்கும் ஊசியைப் போட்டால், அது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவிலுள்ள ஐந்தாம் விதிவிலக்கின்படி கொலைக் குற்றமாகாமல் போகலாம். ஆனால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகி, 105-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனைவரை போகும். ஊசியைத் தான் போடாமல் மருந்தை மட்டும் எடுத்துக் கொடுத்து, நோயாளியே விழுங்கினார் என்றாலும், தற்கொலைக்கு உடந்தை என்று 108-ஆம் பிரிவு பத்தாண்டுவரை சிறை சொல்கிறது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1996-இல் சொன்னது இன்றும் நிற்கிறது. அதே தீர்ப்பிலேயே, இயற்கையாக முடியப்போகும் வாழ்வின் கடைசிப் பகுதி கண்ணியமாக இருக்க வேண்டும் என்பதும் வாழும் உரிமையில் சேரும் என்று நீதிபதிகள் ஒரு கதவை லேசாகத் திறந்து வைத்தார்கள். பின்னால் வந்தவை எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்தவைதான்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதைச் சில நிபந்தனைகளுடன் உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று முதன்முதலாக ஒப்புக்கொண்டது. ஆனால் அருணாவுக்கே அதை அனுமதிக்கவில்லை. அவரை அத்தனை ஆண்டுகளாகப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அதை எதிர்த்தார்கள். அவர் 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். பிறகு, காமன் காஸ் அமைப்பு 2005-லேயே தொடுத்திருந்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும், சுயநினைவு உள்ளபோதே 'எனக்கு இன்னின்ன சிகிச்சை வேண்டாம்' என்று எழுதி வைக்கும் முன்விருப்ப ஆவணம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை அந்த வழிகாட்டு நெறிகளே நடைமுறை. அந்த ஆவணத்தில் குற்றவியல் நடுவர் கையொப்பமிட வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றாக்கியது. அன்று முதல் இது என் மேசைக்கு வரத் தொடங்கியது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் செயற்கை சுவாசத்தை எடுப்பதைக் கருணைக் கொலையோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி மூளைச்சாவு முறையாக உறுதி செய்யப்பட்டவர் இறந்தவர். இறந்தவரிடம் சிகிச்சையை நிறுத்துவது என்ற பேச்சே எழாது. அதே போல, பட்டாத் தகராறுக்கும் வழிப்பாதை ஆக்கிரமிப்புக்கும் 'எங்கள் குடும்பத்தையே கருணைக் கொலை செய்துவிடுங்கள்' என்று திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பதும் வேறு சங்கதி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை அனுபவித்து வந்த ராபர்ட் பயஸ் 2017-இல் புழல் சிறையிலிருந்து எழுதிய கருணைக் கொலை மனுவும் நீதி கேட்ட மனுவே தவிர, மருத்துவம் பற்றியதல்ல.

சரி, நம் ஊருக்கு வருவோம். மருத்துவமனை இல்லாத ஊரில் உட்கார்ந்து நான் இதை எழுதவில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய சிறு மருந்தகம் இன்று நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இருந்தும், காட்பாடி, கே.வி. குப்பம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கத்துக் குடும்பங்கள் கடைசிக் கட்டத்தில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பணம் தீர்ந்ததும், அல்லது 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று யாராவது சொன்னதும், 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கையொப்பமிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பது நம் மக்களின் பெரிய ஆசை. அதனால் ஆம்புலன்சில் உதவியாளர் ஒருவர் தொண்டைக் குழாயோடு மாட்டிய காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவார். எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படி வந்து இறங்கினார். திண்ணையில் பாயை விரித்துக் கிடத்தினார்கள். உதவியாளர் உறவினர்களைப் பார்த்து 'எடுத்துடவா?' என்று கேட்டார். யாரும் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. மூத்த மகன் தலையை மட்டும் அசைத்தார். குழாயை உருவி எடுத்துவிட்டு, பையைச் சுருட்டிக்கொண்டு, வண்டி வாடகையை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றினார்கள். ஆனால் எல்லோரும் நினைத்தது போல் உயிர் உடனே பிரியவில்லை. பிற்பகல் முழுவதும் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அந்த இழுப்பைத் தணிக்க ஒரு மாத்திரையோ ஒரு ஊசியோ, கேட்டால் சொல்வதற்கு ஒரு மருத்துவரோ அங்கே இல்லை.

சிகிச்சையை நிறுத்தலாமா என்று நாம் செய்தித்தாளில் விவாதிக்கிறோம். நிறுத்துவது நாள்தோறும் நடக்கிறது, ஆசிரியர் அவர்களே. மருத்துவக் குழு இல்லாமல், நோயாளியின் விருப்பம் என்னவென்று எழுதிய காகிதம் இல்லாமல், வலி தணிக்க ஆளில்லாமல், ஆம்புலன்ஸ் உதவியாளர் கையால் நடக்கிறது. உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இதற்கு நேர்மாறானது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் கொண்ட முதல் குழு கூடி, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரை உள்ளடக்கிய இரண்டாம் குழு அதைச் சரிபார்க்க வேண்டும். குழாயை எடுப்பதற்கு முன் நடுவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். முன்விருப்ப ஆவணம் எழுதாதவர்களுக்கும், நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு இதே வழி திறந்திருக்கிறது. சிகிச்சையை நிறுத்திய பிறகும் வலி தணிக்கும் பராமரிப்பு தொடர வேண்டும்; நிறுத்துவது என்பது கைவிடுவது அல்ல.

இதை நம் மாவட்டத்தில் யார் கேட்டு, யார் செய்வது? தீர்ப்பு சொல்கிற 'தலைமை மருத்துவ அலுவலர்' என்ற பதவிப் பெயர் தமிழ்நாட்டு மாவட்ட நிர்வாகத்தில் இல்லை. மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகளுக்கு ஓர் இணை இயக்குநர் இருக்கிறார். பொதுச் சுகாதாரத்துக்குத் தனி அலுவலர் இருக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரிக்கு முதல்வர் இருக்கிறார். இவர்களில் யார் என்பதை அரசு பெயர் சொல்லி அறிவித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தெரிவித்தால்தான் இரவு பத்து மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மகனுக்கு அது பயன்படும். ஆவணத்தின் ஒரு நகலை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு அலுவலரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. நான் சான்றளித்த ஆவணம் ஒன்றை ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எடுத்துச் சென்ற மூதாட்டியிடம், 'இது எந்தத் திட்டத்துக்கான மனு? முதியோர் உதவித்தொகையா?' என்று கேட்டிருக்கிறார்கள். ஆதார் நகல் இணைக்கவில்லை என்று திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். அந்த எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அப்படியொரு சுற்றறிக்கை வந்திருந்தால்தானே தெரியும்? மும்பை உயர் நீதிமன்றத்தில் மருத்துவர் நிகில் தாதர் பொதுநல வழக்குத் தொடுத்த பிறகு, மகாராஷ்டிரத்தில் இதற்கென்று பொறுப்பு அலுவலர்களை நியமித்தார்கள். நம் எல்லைக்கு அப்பால் கர்நாடக அரசு 2025 ஜனவரியில், தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் உத்தரவை வெளியிட்டது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2024-இல் வரைவு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது.

இனி, ஊசி வேண்டும் என்று கேட்பவர்களைப் பற்றி. பேரணாம்பட்டிலிருந்து வந்த பீடித் தொழிலாளி ஒருவர், கன்னத்தில் புற்று முற்றிப்போன நிலையில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளே வந்து, 'சார், எங்க நைனாவுக்கு ஊசி போட்டு முடிச்சிடறதுக்குச் சட்டத்துல எதுனா வழி இருக்குதா? அவரே கேக்கறாரு' என்றார். மகனை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவரைத் தனியாகக் கேட்டேன். பேச முடியாமல் பேசினார்: 'நோவு தாங்கல. ராத்திரி தூங்கணும். இவனும் தூங்கறதில்ல.' அவர் கேட்டது அவ்வளவுதான். அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த மருந்துச் சீட்டில் இருந்தது சாதாரண வலி மாத்திரை. தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றுக்கு அனுப்பி வைத்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரையும், அது உண்டாக்கும் மலச்சிக்கலுக்கு ஒரு மருந்தும் கொடுத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊசியைப் பற்றி அவர் பேசவில்லை என்று மகன் பின்னொரு நாள் சொன்னார்.

மார்ஃபின் விலை அதிகமான மருந்தல்ல. அதன் மூலப்பொருளான அபினைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதியும் செய்கிற நாடு இது. மத்தியப் பிரதேசத்து நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்து காசிப்பூரிலும் அரசே ஆலை நடத்துகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஒரு மருத்துவமனை அதை வாங்கி வைப்பதற்கே பல உரிமங்களைக் கேட்டு, மருத்துவர்களை அதன் பக்கம் போகவிடாமல் செய்துவிட்டது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆகியும், இடைப்பட்ட காலத்தில் மருத்துவம் படித்து வெளியே வந்த தலைமுறைக்கு அதை எழுதும் பழக்கமே இல்லாமல் போனது. மக்களிடமும் 'மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்' என்ற அச்சம் இருக்கிறது. வலிக்கு ஏற்ற அளவில் முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரை வாங்குவதில்லை. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய நோய் ஆதரவுப் பணி, 2008-இல் அரசின் கொள்கையாகவே மாறி, ஊராட்சி தோறும் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவுச் சேவை சேர்க்கப்பட்டிருக்கிறது. வீடு தேடி வரும் அந்தச் செவிலியரின் பையில் ரத்த அழுத்த மாத்திரையோடு மார்ஃபினும் இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

வலி தணிந்தால் எல்லோரும் வாழ விரும்புவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இயக்க நரம்பணு நோயால் கைகால் செயலிழந்து, விழுங்குவதும் நின்றுகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மூளை முழுத் தெளிவோடு, 'எனக்கு வலி இல்லை. ஆனால் இந்த முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும்' என்று என்னிடம் சொன்னார். சுவாசக் கருவி வேண்டாம், உணவுக் குழாய் வேண்டாம் என்று எழுதி வாங்கிச் சான்றளிக்க என்னால் முடிந்தது. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. குழாயை எடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருப்பது ஒழுக்கமானது, ஒரே ஊசியில் முடிப்பது ஒழுக்கக்கேடு என்று சட்டம் கிழிக்கும் கோடு அவ்வளவு தெளிவானதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1997-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் ஆரிகன் மாநிலச் சட்டம், ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரக்கூடும் என்று இரண்டு மருத்துவர்கள் கணித்துச் சொன்னால், நோயாளியே மருந்தை எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. அங்கே ஆண்டுதோறும் வெளியாகும் அறிக்கைகளில், அந்த மருந்தைக் கேட்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் வலியல்ல. தன் விருப்பப்படி இயங்க முடியாமல் போவது. குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

அந்தக் கடைசிக் காரணம்தான் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. 'யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது, நல்லபடியா போய்ச் சேர்ந்துடணும்' என்று சொல்லாத முதியவரை நம் ஊரில் காட்டுங்கள் பார்க்கலாம். நோட்டரியிடம் வரும் விடுதலைப் பத்திரங்களிலும் தானப் பத்திரங்களிலும் 'என் சுய விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இன்றி' என்ற வரி தவறாமல் இருக்கும். எழுதிக் கொடுக்கும் தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மகன் நிற்பதையும், கையொப்பம் ஆனதும் அந்தக் கை விலகிவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து மரணத்துக்கு அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் பற்றி வந்த செய்திகளை நாம் மறந்துவிடவில்லை. கனடாவில் 2016-இல் மரணம் நெருங்கியவர்களுக்கென்று வந்த சட்டம், 2021-இல் மரணம் நெருங்காதவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பொது மருத்துவக் காப்பீடு உள்ள நாட்டிலேயே, வறுமையும் உடல் ஊனமும் உள்ளவர்கள் வேறு வழியின்றி இதைக் கேட்டுவிடுவார்களோ என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் அஞ்சுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு வாரக் கட்டணத்துக்கு நகையும் நிலமும் அடகுக்குப் போகும் நம் நாட்டில், மலிவான சிகிச்சையாக ஊசிதான் முன்னால் வந்து நிற்கும்.

உண்ணா நோன்பிருந்து உயிர்விடும் வடக்கிருத்தல் நம் மரபிலேயே உண்டே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. ஆரணி, வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பங்களுக்கு இது இன்றும் வாழும் சமயநெறி. இதை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015-இல் குற்றம் என்றபோது, உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஆனால் அங்கே இன்னொருவர் கை இல்லை. அரசின் உரிமமும் இல்லை. நினைத்தால் நோன்பை முடித்துக்கொள்ளும் வாய்ப்புக் கடைசிவரை நோற்பவரிடமே இருந்தது.

ஆகவே, தமிழ்நாடு அரசையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் குழுவுக்கு மருத்துவரை நியமிக்கும் அலுவலர் யார் என்பதை மாவட்டவாரியாக அறிவியுங்கள். முன்விருப்ப ஆவணத்தை வாங்கி வைக்கும் பொறுப்பாளரை ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் நியமித்து, ஒப்புகைச் சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். வட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாய்வழி மார்ஃபினும், அதை எழுதப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் இருக்கச் செய்யுங்கள். சொந்தப் பொறுப்பில் நோயாளியைக் கொண்டுபோகும் குடும்பத்திடம் கையொப்பம் வாங்குவதோடு நிற்காமல், வீட்டில் கொடுக்க வேண்டிய மருந்தையும் அழைக்க வேண்டிய செவிலியரின் எண்ணையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவிடுங்கள். இவை சில ஆண்டுகள் ஒழுங்காக நடந்த பிறகும் அந்த ஆசிரியையைப் போன்றவர்கள் கேட்கும் கேள்வி மிச்சமிருக்கும். அப்போது அதை நாடாளுமன்றம் எடுத்துப் பேசட்டும்.

முன்விருப்ப ஆவணம் எழுத விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைக் குழப்பமின்றி எழுதுங்கள். உங்கள் சார்பில் முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டவர்களைப் பெயர் குறிப்பிடுங்கள். சாட்சிகளாக, சொத்தில் பங்கில்லாதவர்களை அழைத்து வாருங்கள். குடும்ப மருத்துவரிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். கையொப்பமிட வரும்போது, நோட்டரி உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசச் சொன்னால், உடன் வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
வழக்குரைஞர் மற்றும் நோட்டரி ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.